தாம்போதிக்கு ஆருடைய பங்கு

இராசாத்தியை ஒரு கதிரையில் சும்மா இருத்திவைக்க ஆராலும் ஏலுமென்றால் அந்த ஆளுக்கு ஊர்க்கோழி அடித்துக் கறி ஆக்கிக் கொடுக்கலாம். கலியாண வீட்டுக்குப் போனால் பந்தியில் இருக்கமாட்டாள், நேரே அடுப்படிக்குள் போய் நிற்பாள். செத்த வீட்டுக்குப் போனால் ஒப்பாரி தொடங்குமுன்னமே தேத்தண்ணிக்குக் கேத்திலைத் தேடுவாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் பிரதேச சபையில் உறுப்பினராக இருத்தி, வரவுசெலவுப் பாதீட்டுக் கூட்டம் முடியுமட்டும் அசையாமல் இரு என்றால் எப்படி இருக்கும், சொல்லுங்க பாப்பம்?

அவளாகக் கேட்டு வாங்கிய கதிரையில்லை அது. பொம்பிளையாக்களும் சபையில் இருக்கவேணும் என்று சட்டம் வந்தபிறகு கட்சிக்காரருக்குப் பெரிய தேடல். படுவான்கரையில் எங்கே போய்ப் பொம்பிளை பிடிக்கிறது என்று அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற நேரம், ஆலஞ்சேனை அம்மன் கோயில் வண்ணக்கர் சாமித்தம்பி, “என்ட தங்கச்சி இரிக்கிறாள், மாதர் சங்கத் தலைவி, வாயும் இரிக்கி” என்று பெயரைக் கொடுத்துவிட்டார். கோயிலை நடத்துகிற வண்ணக்கர் ஒரு சொல்லுச் சொன்னால் ஆலஞ்சேனையில் அதுக்கு மேலே சொல்லில்லை. இராசாத்திக்குச் செய்தி வரும்போது அவள் அரிசி மா வறுத்துக்கொண்டிருந்தாள். மா கருகிப்போச்சு என்பதுதான் அன்றைக்கு அவளுடைய பெரிய கவலை.

அந்த மாவைப் பைக்கற்றுகளில் போட்டு மட்டக்களப்புக் கடைகளுக்குக் கொண்டுபோவது அவள் பிழைப்பு. போவது இஷாமின் பஸ்ஸில். ஆலஞ்சேனையிலிருந்து டவுனுக்கு ஓடுகிற ஒரேயொரு பஸ் அதுதான். விடியற்காலை வெள்ளாப்பில் புறப்பட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழடுகளையும் மீன்பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு போகும், பின்னேரம் திருப்பிக் கொண்டுவந்து விடும். ஊருக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் இரண்டு வயல்வட்டைகளுக்கு இடையால் ஒரு தாம்போதி, பாலமில்லாத பதிந்த ரோட்டுத்துண்டு, கிடக்கிறது. கோடையில் ஆடு படுக்கிற இடம். மாரி தொடங்கினால் வயல்தண்ணி அவ்வளவும் அதுக்கு மேலால்தான் பாயும். பழைய கொங்கிறீட் உடைந்து நடுவில் பெரிய பள்ளம். ஆக்களோடு பஸ் இறங்கினால் ஏறாது. அதனால் தாம்போதி வந்தால் எல்லாரும் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணிக்குள்ளால் நடப்பார்கள். வெறும் பஸ் பின்னால் ஆடி ஆடி வரும். வருஷக்கணக்காக இப்படித்தான்.

இந்த ஐப்பசியில் இஷாம் ஸ்டியரிங்கை விட்டுக் கையை விரித்துவிட்டான்.

“ராசாத்தி அக்கா, சும்மா வெருட்டுறன் எண்டு நினைக்காதீங்க. அல்லாஹ்ட மேல ஆணையாச் சொல்றன், ஸ்பிரிங் பிளேட்டு மாத்தி எனக்கு ஏலாமப் போச்சு. உழைக்கிறது எல்லாம் பட்டறைக்கே போகுது. தைக்குள்ள இந்தத் தாம்போதிக்கு ஒரு வழி பண்ணினாச் சரி. இல்லாட்டி நான் காத்தான்குடிப் பக்கமே ஓடுறன்.”

இராசாத்தி பயந்துபோனாள். மாவை நினைத்தல்ல. மா விற்காவிட்டால் வேறொன்றை விற்கலாம். முந்தியும் ஒருமுறை இந்த ஊருக்குப் பஸ் ஓடாமல் நின்றது. அப்போது மூத்தவள் தனுஷியா டவுன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் நின்றது, அவளும் நின்றாள். கொஞ்சநாள் வீட்டில் நின்றவளுக்குச் சம்மந்தம் வந்தது, கலியாணமும் முடிந்தது. இப்போது இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. நல்லாத்தான் இருக்கிறாள், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனாலும் தங்கச்சிக்காரி கம்சாயினி பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கொடியில் காயப்போடும்போதெல்லாம் தனுஷியா அதை ஒருமாதிரிப் பார்ப்பாள். அந்தப் பார்வையை இன்னொரு பிள்ளையின் கண்ணிலும் காண இராசாத்தியால் ஏலாது. கம்சாயினி உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள், அடுத்த வருஷம் சோதனை.

சரி, உறுப்பினர்தானே, பாதீட்டில் ரோட்டுக்குக் காசு ஒதுக்குகிறார்கள்தானே, எழும்பிக் கேட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது கூத்து.

சபைக்குத் தலைவரான தவிசாளர் சீனித்தம்பியும் வேறொரு கோயிலின் வண்ணக்கர்தான். அம்மன் சடங்குக்கு ஒவ்வொரு நாள் பூசையையும் ஒவ்வொரு குடிக்கு, ஒவ்வொரு தாய்வழி வம்சத்துக்கு, பங்கு வைப்பார்கள் அல்லவா? அந்தக் குடிக்கு ஒரு நாள், இந்தக் குடிக்கு ஒரு நாள், ஒருத்தரும் மூஞ்சியை நீட்டக்கூடாது. இஷாம் கையை விரிக்குமுன்னமே சீனித்தம்பி சபையின் ரோட்டுக்காசையும் அப்படியே பங்கு வைத்துவிட்டார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் செப்பனிட ஒரு ஒழுங்கை என்கிற சின்னத் தெரு, கட்ட ஒரு பஸ் தரிப்பிடம். ஒருத்தருக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனிசனுக்குச் சண்டை பிடிக்காது. ஆளும் பக்கம், எதிர்ப்பக்கம் எல்லாரும் கைதட்டினார்கள். இராசாத்தியும் தட்டினாள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அவளுக்கு வந்த பங்கை அண்ணன் சொன்னபடி அம்மன் கோயில் ஒழுங்கைக்குப் போட்டாள். வைகாசிச் சடங்குக்கு அம்மாள் ஊர்வலம் வருகிற ஒழுங்கை அது. ஊரே வாழ்த்தியது.

பிறகு ஒருநாள் பஸ்ஸில் போகும்போது இஷாம்தான் கேட்டான். “அப்ப தாம்போதிக்கு ஆர் போட்ட?”

ஆரும் போடவில்லை. தாம்போதி இரண்டு வட்டாரத்துக்கு நடுவில் கிடக்கிறது. இந்த வட்டாரத்து உறுப்பினர் அது அவருடையது என்றார், அந்த வட்டாரத்தவர் இவருடையது என்றார். எல்லாக் குடிக்கும் பங்கு வைத்தவர்களுக்கு ஊருக்கே பொதுவானது ஒன்று நடுவில் கிடப்பது தெரியவில்லை. பஸ் தரிப்பிடங்களை நினைத்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். இன்ன உறுப்பினரின் நிதி ஒதுக்கீட்டில் கட்டப்பட்டது என்று பெரிய எழுத்தில் பெயர் எழுதுவதற்கு அதைவிட வாய்ப்பான சுவர் கிடையாது பாருங்க. பொதுப் போக்குவரத்து என்ற தலைப்பில் போட்ட காசு அவ்வளவும் அதுக்குத்தான். பஸ் போகாத இடத்திலெல்லாம் தரிப்பிடம். பஸ் போகிற ஒரே ரோட்டில் பள்ளம்.

இராசாத்தி ஓடத் தொடங்கினாள். வீடு வீடாக ஏறினாள். ஒருத்தர் தேத்தண்ணி தந்தார், ஒருத்தர் புத்தி சொன்னார், ஒருத்தர் நாயை அவிழ்த்துவிடாத குறை. தவிசாளரிடம் போனால், “பங்கு வச்ச பிறகு கலைக்கேலா தங்கச்சி, பிறகு பாப்பம்” என்றார். அந்தப் ‘பிறகு பாப்ப’த்தில் அவளுக்கு விசர்க்கோபம் வந்துவிட்டது. கார்த்திகையில் பாதீடு வாக்கெடுப்புக்கு வந்தபோது, அவளுடைய பெயரைக் கூப்பிட்டதும், “எதிர்!” என்று சொல்லிப்போட்டு இருந்துவிட்டாள். சொன்னது சரியாகக் கேட்டதா என்று செயலாளரே திரும்பக் கேட்டார். பங்குக்குக் கைதட்டிய எதிர்ப்பக்கமும் எதிர்த்துத்தான் போட்டது, ஒரு வாக்கால் பாதீடு தோற்றது.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் நிம்மதி ஏது! இன்னொருமுறையும் தோற்றால் தவிசாளரின் கதிரை போய்விடும், அது அவளுடைய கட்சிக் கதிரை. கட்சிக்காரர் வந்து கத்தினார்கள். அண்ணன் கத்தவில்லை. வாசலில் நின்றபடியே, “என்ட பேரச் சொல்லித்தான் உன்ன அனுப்பின. ரெண்டாந்தரம் என்ட தலையக் குனிய வைக்காத” என்றார். அது கத்தலைவிட மோசம். அவள் கறிச்சட்டியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டு நின்றாள்.

எதிர்ப்பக்கத்துப் பிரதீஸ் பிஸ்கட் பெட்டியோடு வந்தான். இளம் ஆள், கதை தேன்.

“அக்கா, இன்னொருக்கா எதிர்த்துச் சொல்லுங்க, காணும். நாங்க கதிரைக்கு வந்தா முதல் வேலை தாம்போதிதான்.”

“உங்கட பங்கு எதுக்குத் தம்பி போட்டிருக்கிறீங்க?”

“எங்கட வீட்டு ஒழுங்கைக்கு.”

“அத இப்பவே தாம்போதிக்கு மாத்துவீங்களா?”

பிரதீஸ் தேத்தண்ணியைக் குடித்துமுடித்துவிட்டு மழை வரப்போகுது என்று எழும்பினான். அவன் போனபிறகு இராசாத்தி பிஸ்கட் பெட்டியைப் பார்த்து, “எல்லாம் ஒரே குட்டையில ஊறின ஆக்கள்” என்றாள். தோணியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த புருஷன் தலையை ஆட்டினார். வாவிக்குப் போய் வலை வீசுகிற மனிசன், கதை குறைவு. “நீ விடமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் வாக்கெடுப்பு நாள் விடிய முன்னமே மழை. சாமித்தம்பி எந்த நாளும் மோட்டார் சைக்கிளில் குளக்கட்டால் சுற்றித்தான் போவார், பஸ் ஏறிய நாள் கிடையாது. அன்றைக்குக் கட்சிக்காரரின் வான் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது, தங்கச்சி சரியாக வாக்குப் போடுகிறாளா என்று பார்க்க. இராசாத்தி பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பஸ்ஸில் போய் இறங்கினாள்.  என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

சபையில் செயலாளர் பாதீட்டை வாசிக்க வாசிக்க அவள் இருக்கமாட்டாமல் நெளிந்தாள். பேனையை எடுத்தாள், வைத்தாள். பின்னால் பார்வையாளர் இருக்கிற நீள மர வாங்கில் அண்ணன் கைகட்டி இருந்தார். பெயர் கூப்பிடத் தொடங்குமுன் எழும்பிவிட்டாள்.

“தவிசாளர் ஐயா, ஒரு கேள்வி. உங்கட கோயில்ல சடங்குக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடி செய்யும். கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு எந்தக் குடிக்குச் சேர்ந்தது?”

சீனித்தம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “குளிர்த்தி ஒரு குடிக்கும் இல்ல. அது ஊருக்குப் பொது.”

“அப்ப செலவ ஆர் குடுக்கிற?”

“எல்லாக் குடியும்தான்.”

“அப்ப நம்மட சபையில மட்டும் ஏன் ஐயா குளிர்த்தி இல்ல? எல்லாத்தையும் பங்கு வச்சீங்க, பொதுவில ஒண்டும் வைக்கல. பஸ் ஓடுற ரோட்டு ஆர்ட குடி? இந்த முறை ஒருத்தருக்கும் தரிப்பிடம் வேணாம். அவ்வளவையும் தாம்போதிக்குப் போடுங்க. பேர்தானே வேணும்? எல்லார்ட பேரையும் தாம்போதியில எழுதுவம். தண்ணி வந்து வாசிக்கட்டும்.”

சபை கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கமுதல் றஸீனா எழும்பினாள். ஓடையோரத்து முஸ்லிம் கிராமத்தின் உறுப்பினர், நறுக்கென்று பேசுவாள். “என்ட தரிப்பிடத்த வெட்டுங்க. எங்கட ஆக்களும் அந்தப் பஸ்ஸிலதான் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. பஸ் இல்லாம தரிப்பிடத்தில இருந்து என்ன செய்யிற, ஊஞ்சல் கட்டி ஆடுறதா?” அதன்பிறகு மற்றவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். முடியாது என்று முதலில் சொல்லுகிறவன் ஊருக்குக் கெட்டவன் ஆகிவிடுவானே. இதைத்தான் நாங்கள் ஒற்றுமை என்கிறோம். முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராகத் தலையாட்டினார்கள்.

இராசாத்திக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் திருப்பி அடக்கினார். தரிப்பிடக் காசு அரைவாசித் தாம்போதிக்குத்தான் காணுமாம், மிச்சத்துக்குக் காசில்லையாம். அரைவாசி செய்தால் அடுத்த மாரித்தண்ணி அதையும் பிடுங்கிக்கொண்டு போகுமாம். இன்னொரு ஒழுங்கையின் காசும் சேரவேணும்.

எல்லாரும் பாதீட்டுத் தாளைப் புரட்டினார்கள். தரிப்பிடம் வேறு, ஒழுங்கை வேறு. ஒழுங்கை என்றால் வாக்கு.

பிரதீஸ் கதிரையில் சாய்ந்தபடி சொன்னான். “அக்கா, உங்கட அம்மன் ஒழுங்கை இரிக்கே.”

அவன் குத்தலுக்குத்தான் சொன்னான். எல்லாரும் பின்னால் இருந்த வாங்கைத் திரும்பிப் பார்த்தார்கள். இராசாத்தியும் பார்த்தாள். அண்ணனின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. தகப்பன் செத்தபிறகு அவளுக்குத் தகப்பனாக நின்றவர். அவள் குடியிருக்கிற வீட்டின் கூரை ஓடுகளைத் தன் கையால் அடுக்கினவர். தனுஷியாவின் கலியாணத்துக்கு மாமனாகப் பந்தலில் நின்றவர். அவருக்கு முன்னால் வைத்து அவருடைய அம்மன் ஒழுங்கையைக் கொடு என்கிறான் பிரதீஸ்.  தாயே, கோபிக்காத, என்னைத் தின்னாத என்று மனதுக்குள் கும்பிட்டாள்.

“எடுங்க,” என்றாள். “அந்தக் காசையும் எடுத்துத் தாம்போதிக்குப் போடுங்க.”

பின்னால் வாங்கு கிரீச்சிட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது, அண்ணன் எழும்பிப் போகிறார். திருத்தத்தோடு பாதீடு நிறைவேறியது. தவிசாளர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். கதிரை தப்பிய சிரிப்பு. அவளுக்குத் திருப்பிச் சிரிக்க வரவில்லை.

பின்னேரம் பஸ்ஸில் ஏறினால், முன்சீட்டில் சாமித்தம்பி. கட்சி வானில் திரும்ப ஏற அவருக்கு மானம் விடவில்லை, ஊருக்குப் போக இதைவிட்டால் வேறு பஸ்ஸும் இல்லை. அவளைக் கண்டதும் வெளிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ்ஸுக்குள் செய்தி முன்னமே வந்துவிட்டது. பாதி ஆக்கள் கையைப் பிடித்தார்கள். மீதிப்பேர், அம்மாள்ட வழியை வித்துப்போட்டு வாறாள் என்று அவளுக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னார்கள். அவள் கம்சாயினிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

இஷாம் கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டான். “சந்தோசம் அக்கா. வேலை எப்ப தொடங்கும்?”

அப்போதுதான் இராசாத்திக்கு உறைத்தது. அடுத்த வருஷக் காசு. கணக்குக்கு வரவேணும், விலை கேட்டுக் கேள்வி கோரவேணும், கொந்தராத்துக்காரன் வரவேணும், தண்ணி வற்றவேணும்.

“சித்திரை… வைகாசி ஆகும் இஷாம்.”

இஷாம் கியரை மாற்றிப்போட்டுச் சொன்னான். “அக்கா, நான் சொன்னது தை. அதுமட்டும் இந்தப் பள்ளத்தில விழுந்தெழும்ப என்னால ஏலா. கோவிக்காதீங்க. எனக்கும் பிள்ளையள் இரிக்கி.”

 அவன் சொல்லுவதில் ஒரு பிழையும் இல்லை. அண்ணனையும் கொடுத்து, அம்மாளையும் கொடுத்து, கடைசியில் பஸ்ஸும் இல்லையா!  கம்சாயினி புத்தகப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்கும் விளங்கிவிட்டது.

தாம்போதி வந்தது. பஸ் நின்றது. மழைத்தண்ணி செக்கச்செவேலென்று பாய்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் வழக்கம்போல இறங்கினார்கள். பள்ளிக்கூடப் பெட்டைகள் வெள்ளைச் சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்து, சப்பாத்துக் கயிற்றைப் பல்லால் கடித்துத் தூக்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணிக்குள் இறங்கினார்கள். வெட்கப்பட நேரமில்லை, பழகிப்போச்சு. சாமித்தம்பி மிதிபலகையில் நின்றபடி அதைப் பார்த்தார். அவர் இதை ஒருநாளும் கண்டதில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கினார். நாலடி வைத்ததும் கால் வழுக்கியது. முன்னால் போன கம்சாயினி சப்பாத்தை வாயிலிருந்து கைக்கு எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள்.

“மாமா, அந்தப் பக்கம் வராதீங்க, பள்ளம். என்ட கையைப் பிடிங்க.”

பிடித்தார். பிள்ளையின் தலையில் பை, ஒரு கையில் மாமன். இடுப்புவரை நனைந்து இரண்டு பேரும் அக்கரைக்கு ஏறினார்கள். சாமித்தம்பி தண்ணி வடிய வடிய நின்று மற்றப் பிள்ளைகள் ஏறிவருவதைப் பார்த்தார். பின்னால் வெறும் பஸ் முனகிக்கொண்டு விழுந்தெழும்பி வந்தது. அது நின்றதும் சாரதிப்பக்கம் போய்க் கதவில் தட்டினார்.

“இஷாம், எங்கட கோயில் வளவுக்குள்ள கிறவல் மண் குவிச்சுக் கிடக்கு. நாளைக்கு உழவு மெசின் பெட்டியில ஏத்தி வந்து இந்தப் பள்ளத்தில கொட்டுறன். கல்லும் சேத்துப் போட்டா வைகாசிமட்டும் தாங்குமா?”

இஷாம் எட்டிப் பார்த்தான். “தாங்கும் அண்ணன். இடைக்கிட ரெண்டு பெட்டி போட்டாத் தாங்கும்.”

“அப்ப நீ எங்கயும் போகாத. ஓடு.”

ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டு நின்ற ஒரு மனிசி, “வண்ணக்கர், அது அம்மாள்ட ஒழுங்கைக்கு ஊர் சேர்ந்து கொண்டுவந்து கொட்டின கிறவலல்லோ?” என்றாள்.

சாமித்தம்பி அவள்மேல் பாய்ந்தார். “அம்மாள் வருஷத்தில ஒருக்காத்தான் ஒழுங்கையால வாறா. இதுகள் ஒவ்வொரு நாளும் வருதுகள்! கண்ணில்லையா உங்களுக்கு?”

 இராசாத்தி, “அண்ணன்” என்று கிட்டப் போனாள்.

“நீ என்னோட கதைக்காத,” என்று அவர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

எல்லாரும் ஏறினார்கள். பஸ் புறப்பட்டது. ஊர் எல்லை தாண்டியது. பிறகு சாமித்தம்பி முன்சீட்டிலிருந்து திரும்பி, மருமகளைப் பார்த்து உரத்துச் சொன்னார்.

“கம்சாயினி, வெள்ளாப்பில மண்வெட்டியோட வந்து தாம்போதியில நிக்கச் சொல்லு உன்ட தாய.”

தாய் பக்கத்தில்தான் இருந்தாள்.